ஜீப்பிலிருந்து யார் முதலில் இறங்குவது?

1

'ஒருங்கிணைப்பு' என்ற சொல்லை அரசாங்கத் தாள்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயம் வரும். குழந்தைப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிற எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அந்தச் சொல் வந்துவிடும். காவல்துறையும் சமூகநலத்துறையும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும் என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. யார் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்? ஆனால் ஒரு சொல்லை அதை எழுதியவன் பக்கமிருந்தே வாசித்துப் பழகியிருக்கிறோம். அந்தச் சொல் யார் தலைமேல் வந்து விழுகிறதோ அவர்கள் பக்கமிருந்து வாசித்தால் என்ன அர்த்தம் வரும்? சில சட்டங்களையும் ஒரு தீர்ப்பையும் சில புனைவுகளையும் வைத்துக்கொண்டு அப்படி வாசித்துப் பார்க்கலாம். வாசிக்க உட்காரும் இடம் ஜவ்வாது மலை.

2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகு இந்த ஒரே மலை மூன்று மாவட்டங்களுக்குள் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு மூன்றும் திருப்பத்தூர். பீஞ்சமந்தைப் பக்கம் வேலூர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் மூன்று பக்கமும் நடக்கும். கோப்பு மட்டும் எல்லை தாண்டாது. சாமையும் புளியும் பலாவும் தேனும் கொடுக்கிற மலை, வருஷம் முழுக்கச் சோறு போடாது. ஆம்பளைங்க கூலிக்குக் கீழே இறங்குவாங்க. பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியில் இருப்பார்கள், இல்லையென்றால் ஆடு மேய்ப்பார்கள். பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளோடு வனத்துறை நடத்தும் பள்ளிகளும் இங்கே உண்டு. அப்பன் மேல் வழக்குப் போடுகிற துறையே மகனுக்கு 'அ, ஆ' சொல்லித் தருகிறது. ஒருங்கிணைப்பு இந்த மலைக்குப் புதிய விஷயமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இங்குள்ள மலையாளி மக்கள் அட்டவணைப் பழங்குடியினர். தங்களைக் கவுண்டர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். கீழ்நாட்டுச் சேரியிலிருந்து ஏறிப்போகிற என்னைத் திண்ணையோடு நிறுத்தித் தண்ணி கொடுத்த வீடுகளும் உண்டு. ஆதிவாசி தலித் ஒற்றுமை என்று மேடையில் முழங்கிவிட்டு இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஜீப் சத்தம் கேட்டதும் அவங்க ஓடுற ஓட்டமும் எங்க தெருவுல நாங்க ஓடுன ஓட்டமும் ஒண்ணுதான். ஒற்றுமை என்று ஒன்று இருந்தால் அது அந்த ஓட்டத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

2

குழந்தைகள் விஷயத்தில் போலீஸும் சமூகசேவையும் கைகோர்த்தது எப்போது? ஐக்கிய நாடுகள் சபை உடன்படிக்கை, புதிய சட்டங்கள் என்று நம்முடைய பொதுப்புத்தி பதில் சொல்லும். அதற்கு வெகுகாலம் முன்பே அது நடந்துவிட்டது. 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குடியிருப்புகளில் அடைக்கப்பட்ட சாதிகளின் குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துப் பள்ளிகளில் போட அந்தச் சட்டம் அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்தது. குடியிருப்புகள் சிலவற்றை நடத்தும் பொறுப்பு சால்வேஷன் ஆர்மி மாதிரியான சேவை அமைப்புகளிடம் போனது. பெயர்ப் பதிவேடும் கைரேகையும் போலீஸிடம். சோறும் பாடமும் சேவைக்காரர்களிடம். 'இந்தப் பிள்ளைகளை இவர்களுடைய பெற்றோரிடமிருந்து காப்பாற்றுகிறோம்' என்பதுதான் அந்தக் கூட்டணியின் நியாயம். இந்த மண்ணில் அரசாங்கம் நடத்திய குழந்தைப் பாதுகாப்பின் பழைய அத்தியாயங்களில் இது ஒன்று. நம்முடைய சமூகப்பணிப் பாடப்புத்தகங்கள் இதை எங்கே வைத்திருக்கின்றன?

அடுத்த அத்தியாயம் வாச்சாத்தி. ஜவ்வாது மலைக்கு அடுத்திருக்கும் தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் உள்ள ஊர். அங்கிருப்பவர்களும் மலையாளி மக்களே. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்த ஊருக்குள் அரசாங்கம் நுழைந்தது. பிறகு குற்றம் சாட்டப்பட்டவர்களின் கணக்கைப் பாருங்கள்: வனத்துறை 155 பேர், காவல்துறை 108 பேர், வருவாய்த்துறை 6 பேர், ஆக 269 பேர். 18 பெண்கள் மீது பாலியல் வன்கொடுமை. அவர்களில் பள்ளிக்கூட வயதுப் பெண்பிள்ளையும் இருந்தாள். சிறைக்கு இழுத்துப்போகப்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அன்றைக்கு உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மிச்சம் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. சம்பவ காலத்துக் கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

இந்தத் தீர்ப்பை நம்முடைய பத்திரிகைகள் வன்கொடுமைத் தீர்ப்பாக வாசித்தன. சரிதான். நான் அதை ஒருங்கிணைப்பு பற்றிய ஆவணமாகவும் வாசிக்கிறேன். மூன்று துறைகள் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒருத்தரை ஒருத்தர் தடுக்காமல் வேலை செய்தன. அதைத் தடுக்கும் அதிகாரம் உள்ள மேசைகளும் சும்மா இருந்தன. இதைவிடக் கச்சிதமான துறை ஒருங்கிணைப்பை அந்த மலைகள் கண்டதில்லை. பிறகு உண்மை எப்படி வெளியே வந்தது? தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடின. அதோடு, தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி, நேரில் போய் அந்த மக்களிடம் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அவரும் அரசு அதிகாரிதான். ஆனால் அந்த 269 பேரின் துறைகளோடு 'இணைந்து' போனவர் கிடையாது. அவர்களைக் கேள்வி கேட்கும் இடத்தில் நின்றவர். என்னுடைய வாதம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டினார்கள் என்று 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்களே, அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. செத்தவர்களைப் பற்றி எழுதினோம். ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதினோம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? இன்னொரு மாநிலத்துப் போலீஸ் ஒரு தகப்பனைப் பிடித்துப் போகும்போது, 'அவன் வீட்டுல பால்குடி இருக்குதா, பள்ளிக்கூடத்துப் பிள்ள இருக்குதா' என்று இங்கிருக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு சேதி போனதை நான் பார்த்ததில்லை. தகப்பனைத் தேடி இரண்டு மாநிலப் போலீஸ் ஒருங்கிணையும். அவன் பிள்ளைக்காக ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு அலுவலகங்கள்கூட ஒருங்கிணையாது.

3

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நம்மவர்களில் பலர் சட்டத்தை வாசிக்காமலே திட்டுவார்கள். நான் தமிழ் எம்.ஏ. படித்தவள், ஒரு பிரதியைப் படிக்காமல் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது பழக்கமாகிவிட்டது.

2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 24ஆவது பிரிவைப் படியுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். வாங்கும்போது போலீஸ்காரர் சீருடையில் இருக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. இதை எழுதியவர்களுக்குக் காக்கி என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. காக்கிச் சட்டையே ஒரு குழந்தையின் வாயை மூடிவிடும் என்று நாடாளுமன்றமே ஒத்துக்கொண்ட இடம் இது. சேரியும் மலையும் காலங்காலமாகச் சொல்லிவருவதைச் சட்டம் ஒரு வரியில் எழுதிவைத்திருக்கிறது.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 107ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகளுக்கென்று ஒரு காவல் அலுவலர் இருக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு சிறப்புச் சிறார் காவல் பிரிவு, அதற்கு டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத தலைமை. அந்தப் பிரிவுக்குள்ளேயே இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவர் பெண். அதாவது போலீஸ் அமைப்புக்குள் போலீஸ் அல்லாத இரண்டு பேரைச் சட்டம் உட்கார வைக்கிறது. எதற்கு? டீ வாங்கித் தரவா? அந்த இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார், அதில் ஒருத்தராவது மலையேறிப் போனவரா என்று உங்கள் மாவட்டத்தில் கேட்டுப் பாருங்கள். நான் ஒரு காவல் நிலையத்தில் கேட்டேன். 'அதெல்லாம் டவுன்ல மேடம்' என்றார்கள்.

அதே சட்டத்தின் 31ஆவது பிரிவில் ஒரு சின்ன வாசகம் இருக்கிறது. மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும், பயண நேரம் நீங்கலாக. சமவெளியில் இருந்து பார்த்தால் அது ஒரு நிர்வாக வாசகம். மலையில் அந்தப் 'பயண நேரம்' என்பது ஒரு வாழ்க்கை. 2023 மே மாதம், இந்த மலைத்தொடரின் வேலூர்ப் பக்கம், அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. உடற்கூறாய்வு முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியில் நிற்க, பெற்ற தாய் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு நடந்தாள். ரோடு இல்லாத இடத்துக்கு 1098 என்ற எண்ணை அச்சடித்து ஒட்டுவதற்கு என்ன பெயர் வைப்பது?

எழுத்தில் நல்லதாக இருக்கும் சட்டம் மலையேறும்போது தலைகீழாகிறது. மலையில் இளவயதுக் கல்யாணம் உண்டு. அது தப்பு, பெண்பிள்ளையின் படிப்பையும் உடம்பையும் தின்கிறது. 'அது அவங்க பண்பாடு' என்று முற்போக்குப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி அதைத் தடுக்க வேண்டியவர் நம் மாநிலத்தில் மாவட்டச் சமூகநல அலுவலர். தடுப்பது என்றால் கல்யாணத்துக்கு முன்னால் போய்ப் பேசுவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தக்கவைப்பது, மறுபடி மறுபடி அந்த வீட்டுத் திண்ணையில் உட்காருவது. அந்த வேலை நடக்காமல் போன பிறகு, பதினேழு வயதில் வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். போக்சோவின் 19ஆவது பிரிவுப்படி டாக்டர் தகவல் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அவருக்கே தண்டனை. போலீஸ் வருகிறது. புருஷன்காரப் பையன் ஜெயிலுக்கு. பெண் காப்பகத்துக்கு. அடுத்த ஊரில் அதே மாதிரி இருக்கும் பெண், சுகாதார நிலையம் பக்கமே போக மாட்டாள். வீட்டிலேயே பிள்ளை பெறுவாள். செத்தாலும் கோப்பில் வராது. காப்பாற்ற வந்த சட்டம் அவளை மருத்துவத்திலிருந்து துரத்திவிட்டது.

இது போலீஸுக்கும் தெரியாமலில்லை. பரஸ்பர விருப்பத்தின் பேரில் நடந்த விஷயங்களில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று 2022 டிசம்பரில் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு சுற்றறிக்கையே அனுப்பினார். ஆனால் சுற்றறிக்கை ஸ்டேஷனோடு நின்றுவிடும். மலையில் ஒரு கிழவி என்னிடம் கேட்டது இதுதான்: 'புள்ளையக் காப்பாத்த வந்தவங்கன்னா புள்ள சாப்ட்டுச்சான்னு தானே மொதல்ல கேக்கணும்? அப்பன் எங்கேன்னு ஏன் கேக்கறாங்க?'

4

இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம்முடைய எழுத்து போலீஸை நன்றாகவே எழுதியிருக்கிறது. வாச்சாத்தி நடந்த அதே 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' நாவலில் போலீஸ் தெருவுக்குள் வரும் பக்கங்கள் இருக்கின்றன. ஆண்கள் ஓடி ஒளிய, பெண்களும் பிள்ளைகளும் தெருவில் நின்று அதை எதிர்கொள்கிறார்கள். 2004இல் வந்த ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' அதைக் காட்டுக்குள் கொண்டுபோனது. வீரப்பனைத் தேடுகிறோம் என்ற பெயரில் அதிரடிப்படை ஒரு பழங்குடியை என்ன செய்தது என்பதற்கு அந்த நாவல் சாட்சியம். அதில் ஒரு கெட்ட போலீஸ்காரன் என்று யாரையும் தனியாகக் காட்டித் தப்பிக்க முடியாது, கெட்டது முகாம்தான். தாயையும் மகளையும் ஒரே கொடுமைக்குள் தள்ளுகிற முகாம். அங்கே குழந்தை, பெரியவர் என்ற கோடே அழிந்துவிடுகிறது. 'குழந்தை' என்ற சட்டச்சொல் எந்தச் சாதிப் பிள்ளைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை எந்த ஆய்வறிக்கையைவிடவும் அந்த நாவல் எனக்குச் சொன்னது.

2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். த.செ. ஞானவேல் இயக்கியது. அது அழவைத்தது, இருளர் வீடுகளைப் பற்றிப் பேசவைத்தது; அந்தப் பலனை நான் குறைக்கவில்லை. ஆனால் படத்துக்கு ஆதாரமான 1993ஆம் ஆண்டு வழக்கில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். குற்றப்பரம்பரைச் சட்டத்தில் பதிவேட்டுக்குள் அடைக்கப்பட்ட பெயர் அது. படம் அந்தப் பெயரை மாற்றியதும், போலீஸுக்கும் அந்தச் சமூகத்துக்கும் இடையிலான நூறு வருஷக் கோப்பும் காணாமல் போனது. இது ஒன்று.

இன்னொன்று, தீர்வு எங்கிருந்து வருகிறது என்பது. ஒரு பெரிய வக்கீல், ஒரு நேர்மையான ஐ.ஜி. சமூகத்தின் பக்கமிருந்து ஒரே ஒரு ஆசிரியை, மைத்ரா. அவருக்கும் எந்த அதிகாரமும் கிடையாது. கதை நடப்பது 1995இல். 1986ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் அதன் நல வாரியமும் சட்டப்புத்தகத்தில் இருந்த காலம். அப்பாவைத் தொலைத்து, வயிற்றுப்பிள்ளைக்காரி அம்மாவோடு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிற அல்லி என்ற சிறுமிக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருந்தது. அது படத்துக்குத் தெரியவில்லை. கடைசிக் காட்சியில் வக்கீலுக்கு எதிரே கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிறாள். கைதட்டினோம். அந்தக் கைதட்டலில் நாம் கேட்க மறந்தது: எல்லா அல்லிக்கும் வக்கீல் வீடு கிடைக்குமா? தனி மனிதரின் கருணை வந்து உட்கார்ந்த நாற்காலி, சட்டப்படி ஒரு குழுவுக்கு உரியது. அது காலியாகக் கிடந்ததால்தான் நாயகன் தேவைப்பட்டான்.

நம்முடைய புனைவில் போலீஸ் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், நீதிபதி இருக்கிறார். அங்கன்வாடிப் பணியாளரும் ஊர்நல அலுவலரும் குழந்தைகள் நலக் குழு உறுப்பினரும் பாத்திரமாக நின்ற கதை எங்கே? அவர்கள் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து வருவது, எழுத வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது, சில நேரம் போடமாட்டேன் என்று சொல்லி மாற்றலாகிப் போவது, இதெல்லாம் கதை இல்லையா? எழுதப்படாத பாத்திரத்தை யாரும் பொறுப்புக் கேட்பதில்லை. இலக்கியத்தில் காலியாக இருக்கும் நாற்காலி நிஜத்திலும் காலியாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

5

வெளியே இரண்டு உதாரணம். 2000ஆம் ஆண்டு லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயது ஆப்பிரிக்கச் சிறுமி, பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர்களாலேயே கொல்லப்பட்டாள். போலீஸ், சமூகநலத்துறை, ஆஸ்பத்திரி எல்லாம் அவளைப் பார்த்திருந்தன; ஒன்று பார்த்தது இன்னொன்றுக்குப் போய்ச் சேரவில்லை. லாமிங் பிரபுவின் விசாரணை 2003இல் அதைச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2004இல் அங்கே குழந்தைகள் சட்டமே புதிதாக வந்தது. நம்ம ஊர் அதிகாரிகளுக்கு நடத்தும் ஒருங்கிணைப்புப் பாடம் இந்த மாதிரி அனுபவங்களிலிருந்து வருவது.

ஆஸ்திரேலியாவில் வேறு பாடம். அங்கே பூர்வகுடிகளை ஆளவந்த அதிகாரியின் பதவிப் பெயரே 'பாதுகாவலர்'. அந்தப் பதவியைப் பல இடங்களில் போலீஸ்காரரே வகித்தார். பாதுகாப்பு என்ற பெயரில் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிடுங்கிக் காப்பகங்களில் போட்டார்கள். 1997இல் அதைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. 2008 பிப்ரவரி 13இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். லண்டனில் இரண்டு துறை பேசிக்கொள்ளாததால் ஒரு குழந்தை செத்தது. ஆஸ்திரேலியாவில் இரண்டும் ஒரே ஆளாகிவிட்டதால் தலைமுறைகளே தொலைந்தன. நமக்கு லண்டன் பாடத்தை மட்டும் இறக்குமதி செய்கிறார்கள். ஜவ்வாது மலைக்கு இரண்டாவது பாடம்தான் முதலில் தேவை.

ஆகவே, போலீஸே மலைக்கு வராதே என்று நான் சொல்லவில்லை. கொத்தடிமையாக ஆடு மேய்க்கும் பையனை மீட்க, கெடுத்தவனைப் பிடிக்க, போலீஸ் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த ஊர்ப் பணக்காரனும் சாதியும்தான் நீதிபதி. வரிசை மாற வேண்டும் என்கிறேன். நலத்துறை முதலில், தனியாக, பலமுறை போக வேண்டும். காவல்துறை பிறகு, கூப்பிடும்போது, சீருடை இல்லாமல். குழந்தையைப் பற்றிய தகவல் நலத்துறையிலிருந்து போலீஸுக்குப் போவதுபோல, தகப்பனைக் கைது செய்த தகவல் போலீஸிலிருந்து நலத்துறைக்குக் கட்டாயமாக வர வேண்டும். போலீஸ் தப்புச் செய்தால் அதை எழுதி மேலே அனுப்பும் தெம்பு நலத்துறைக்கு வேண்டும். அந்தத் தெம்பு இல்லாத துணையை ஒத்துழைப்பு என்று சொல்ல முடியாது. அது எடுபிடி வேலை. மூன்று மாவட்டக் குழுக்களும் இந்த மலைக்கென்று மலையிலேயே கூட வேண்டும். சட்டம் சொல்லும் அந்த இரண்டு சமூகப் பணியாளர்களில் ஒருத்தியாவது மலைப்பெண்ணாக இருக்க வேண்டும்.

அப்படிப் படித்தவங்க அங்க எங்க இருக்காங்க என்று கேட்பார்கள். 2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில், பிள்ளை பெற்ற சில நாளில் எழுதிய தேர்வில் வென்று சிவில் நீதிபதி பதவிக்குத் தேர்வானார். பத்திரிகைகள் அதை ஒரு அதிசயமாக எழுதின. அதிசயம் என்று எழுதிவிட்டால் அடுத்த பெண்ணுக்கு ரோடு போட வேண்டியதில்லை, விடுதி கட்ட வேண்டியதில்லை, வேலை கொடுக்க வேண்டியதில்லை. ஒரு மலைப்பெண் நீதிபதி நாற்காலியில் உட்கார முடியும் என்றால், குழந்தைகள் நலக் குழுவின் நாற்காலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எந்த மாவட்டமும் இனிச் சொல்ல முடியாது.

தோழர்கள் தங்கள் மாவட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். சிறப்புச் சிறார் காவல் பிரிவில் உள்ள அந்த இரண்டு சமூகப் பணியாளர்கள் யார், எந்தத் தேதியில் நியமிக்கப்பட்டார்கள், கடைசியாக எந்த மலைக்கும் எந்தச் சேரிக்கும் போனார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம். வரும் பதிலை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால், அதையும் எழுதி அனுப்புங்கள்.